ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர்?

காலை ஏழு மணிக்குக் கெலமங்கலத்தில் ஓசூர் செல்லும் சாலையோரம் நின்று சிறிது நேரம் பாருங்கள். தக்காளிக் கூடைகளும் ரோஜாப் பூக்கட்டுகளும் ஏற்றிய வண்டிகள் செல்லும். தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் செல்லும். 1980-ஆம் ஆண்டு ஓசூரில் பிறந்த டி.வி.எஸ். 50-இன் வழிவந்த வண்டி ஒன்று படபடவென்று ஒலித்துக்கொண்டு போகும். அதன் பின்னாலேயே ஓசையும் புகையும் இல்லாமல் ஒரு ஸ்கூட்டர் வழுக்கிக்கொண்டு போகும். அதுதான் மின்சார ஸ்கூட்டர்.

இந்த வட்டாரத்துக்கும் அந்த ஸ்கூட்டருக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஓசூரில் டி.வி.எஸ். நிறுவனம் ஐ-க்யூப் என்ற மின்சார ஸ்கூட்டரைச் செய்கிறது. ஏதர் நிறுவனம் 2021-இல் ஓசூரில் தன் தொழிற்சாலையைத் தொடங்கியது. அதே ஆண்டு போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா நிறுவனத்தின் ஆலையும், 2023-இல் சூளகிரிப் பக்கம் சிம்பிள் எனர்ஜி நிறுவனத்தின் ஆலையும் தொடங்கின. ஆக, கிருஷ்ணகிரி மாவட்டம் ஒன்றிலேயே நான்கு நிறுவனங்கள்!

இவற்றை வாங்க வருவோர் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பதுதான். விளம்பரத்தில் ஓர் எண் இருக்கிறது. வாங்கியவர் வேறோர் எண் சொல்கிறார். பத்திரிகையில் சோதித்து எழுதியவர் மூன்றாவதாக ஓர் எண் சொல்கிறார். இவர்களில் யாராவது பொய் சொல்கிறார்களா? அல்லது மூவர் சொல்வதும் உண்மையாக இருக்கக்கூடுமா? இதையே இக்கட்டுரையில் பார்ப்போம்.

பேட்டரிக்குள் எவ்வளவு இருக்கிறது?

உங்கள் வீட்டு மின் கட்டணத்தை எந்த அளவில் கணக்கிடுகிறார்கள்? யூனிட்டில் அல்லவா? ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. ஆயிரம் வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் ஆற்றல் அது. ஜூலில் சொன்னால் 1000 × 3600 = 36 லட்சம் ஜூல்.

மின்சார ஸ்கூட்டர் ஒன்றின் பேட்டரியில் 3 யூனிட் இருப்பதாகக் கொள்வோம். அதாவது 108 லட்சம் ஜூல். இது பெரிய அளவு போலத் தோன்றும். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஏறக்குறைய 9 யூனிட் வெப்ப ஆற்றல் கிடைக்கும். ஆகவே பேட்டரி முழுவதும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு லிட்டர் பெட்ரோலுக்குத்தான் சமம்! பெட்ரோல் எஞ்சின் தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வெளியே விட்டுவிடுகிறது. மின் மோட்டாரோ பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் இந்தச் சிறிய சேமிப்பை வைத்துக்கொண்டே அத்தனை தூரம் போக முடிகிறது. ஆனால் சேமிப்பு சிறியது என்பதால் செலவில் ஏற்படும் ஒவ்வொரு மாற்றமும் உடனே தெரிந்துவிடுகிறது.

உருளையின் மேல் ஓடும் வண்டி

விளம்பரத்தில் காணும் எண் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. புனேயிலுள்ள இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடங்களில் வண்டியை டைனமோமீட்டர் என்னும் உருளையின் மேல் நிறுத்துவார்கள். சக்கரம் சுழலும், உருளையும் சுழலும். வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். சாலையில் ஏற்படும் தடைக்கு ஈடான தடையை உருளை கொடுக்கும்.

வண்டியை எந்த வேகத்தில் ஓட்டுவது? அதற்கு ஓர் அட்டவணை உண்டு. இரு சக்கர வண்டிகளுக்கான 'இந்திய ஓட்டச் சுற்று' 108 விநாடி நீளமுள்ளது. அதில் வண்டி கிளம்பும், வேகம் கூட்டும், குறைக்கும், நிற்கும். அதன் மிக உயர்ந்த வேகம் மணிக்கு 42 கி.மீ.; சராசரி வேகம் ஏறக்குறைய 22 கி.மீ. இந்தச் சுற்றையே திரும்பத் திரும்ப ஓட்டித்தான் தூரத்தை அளக்கிறார்கள்.

இதில் ஏமாற்று ஏதும் இல்லை. எல்லா வண்டிகளையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டுமானால் இப்படி ஒரு பொது விதி தேவை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் எதிர்க்காற்று இல்லை, மேடு இல்லை, பின்னால் உட்காரும் ஆளும் இல்லை. இதை மறந்துவிடக் கூடாது.

சாலையில் ஒரு கணக்கு

இப்போது காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி 120 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ. சமதளச் சாலையில் இரண்டு தடைகள் இவர்களைப் பின்னுக்கு இழுக்கின்றன.

முதலாவது, சக்கரம் உருள்வதால் வரும் தடை. இது ஏறக்குறைய 22 நியூட்டன். வேகம் கூடினாலும் அவ்வளவாக மாறாது.

இரண்டாவது, காற்றுத் தடை. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இது ஏறக்குறைய 44 நியூட்டன். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இது கூடும். வேகம் ஒன்றரை மடங்காகி 60 கி.மீ. ஆனால், தடை இரண்டேகால் மடங்காகி 99 நியூட்டன் ஆகிவிடும்.

ஆகவே மொத்தத் தடை 40 கி.மீ. வேகத்தில் 66 நியூட்டன், 60 கி.மீ. வேகத்தில் 121 நியூட்டன். ஒரு நியூட்டன் தடையை எதிர்த்து ஒரு கி.மீ. போக 1000 ஜூல் வேண்டும். பேட்டரியிலும் மோட்டாரிலும் ஐந்தில் ஒரு பங்கு வீணாவதாகக் கொண்டால், கி.மீ. ஒன்றுக்குப் பேட்டரி கொடுக்க வேண்டியது:

40 கி.மீ. வேகத்தில்: 66,000 ÷ 0.8 = 82,500 ஜூல்.
60 கி.மீ. வேகத்தில்: 1,21,000 ÷ 0.8 = 1,51,250 ஜூல்.

108 லட்சத்தை இவற்றால் வகுத்துப் பாருங்கள். முதல் வேகத்தில் 131 கி.மீ.; இரண்டாம் வேகத்தில் 71 கி.மீ.! வண்டி அதே வண்டி, பேட்டரியும் அதே பேட்டரி. மாறியது ஓட்டுபவரின் கை மட்டுமே. இவை தோராயமான எண்கள்தாம். வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் வேகம் செய்யும் வேலை எல்லா வண்டியிலும் இதுவே.

அண்ணன் கிருஷ்ணகிரிக்குப் போகிறார்

கெலமங்கலத்திலிருந்து ஓசூருக்குச் சுமார் 20 கி.மீ. உங்கள் அண்ணன் அங்கே வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் போய் வர 40 கி.மீ. அதற்கு நம் ஸ்கூட்டர் தாராளமாகப் போதும். ஒரு நாள் வேலை முடிந்ததும், கிருஷ்ணகிரி மருத்துவமனையில் இருக்கும் மாமாவைப் பார்க்கப் புறப்படுகிறார். ஓசூரிலேயே முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டார். கிருஷ்ணகிரி சுமார் 50 கி.மீ.; போய் வர 100 கி.மீ. "130 கி.மீ. ஓடும் வண்டிதானே!" என்று 60 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறார்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர். இடையே 380 மீட்டர் இறக்கம். 190 கிலோ எடை இவ்வளவு உயரம் இறங்கினால் 190 × 9.8 × 380, அதாவது சுமார் 7 லட்சம் ஜூல் கிடைக்கும். 50 கி.மீ.-க்கு இதைப் பங்கிட்டால், 14 நியூட்டன் விசை பின்னாலிருந்து தள்ளுவதற்குச் சமம். திரும்பி ஏறும்போது அதே 14 நியூட்டன் எதிரியாகிவிடும்.

போகும்போது தடை 107 நியூட்டன். 50 கி.மீ.-க்குச் செலவு 67 லட்சம் ஜூல். மீதி 41 லட்சம். திரும்பும்போது தடை 135 நியூட்டன், கி.மீ. ஒன்றுக்கு 1 லட்சத்து 69 ஆயிரம் ஜூல் வேண்டும். மீதியுள்ள 41 லட்சத்தில் சுமார் 24 கி.மீ.தான் வர முடியும். அதாவது, அண்ணன் இரவில் சூளகிரிப் பக்கம் சாலையோரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வர வேண்டியிருக்கும்!

அவரே 40 கி.மீ. வேகத்தில் போய் வந்திருந்தால்? மேற்சொன்ன முறையிலேயே கணக்கிடுங்கள். கிருஷ்ணகிரி போய் ஓசூர் திரும்ப 82½ லட்சம் ஜூல்; அங்கிருந்து கெலமங்கலம் வர இன்னொரு 16½ லட்சம். மொத்தம் 99 லட்சம். வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதும் 9 லட்சம் மீதி இருக்கும். ஆனால் லாரிகள் விரையும் தேசிய நெடுஞ்சாலையில் அத்தனை மெதுவாகப் போவது எளிதும் அன்று, பாதுகாப்பும் அன்று. கிருஷ்ணகிரியில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு திரும்புவதே நல்லது. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் கணக்கு உதவுகிறது.

இரண்டு எண்கள்

நிறுவனங்களும் இதை அறியாதவை அல்ல. 2022 ஜூலையில் வெளிவந்த ஏதர் 450 எக்ஸ் ஸ்கூட்டருக்குச் சான்றிதழ் எண் 146 கி.மீ.; சாலையில் எதிர்பார்க்கலாம் என்று அந்நிறுவனமே சொன்ன எண் 105 கி.மீ. 2024 ஆகஸ்டில் வெளிவந்த டாட்டா கர்வ் மின்காரில் பெரிய பேட்டரி உள்ள வகைக்குச் சோதனை எண் 585 கி.மீ.; வாங்குவோரில் 75 சதவீதத்தினர் சாலையில் பெறக்கூடியதாக நிறுவனம் மதிப்பிட்டது 400 முதல் 425 கி.மீ.

ஒரே ஓர் எண் மட்டும் கையில் இருந்தால் என்ன ஆகும்? 2021 மார்ச்சில் டில்லியில் இது வழக்காயிற்று. 312 கி.மீ. ஓடும் என்று சான்று பெற்ற டாட்டா நெக்சான் மின்கார் 200 கி.மீ.-க்கு மேல் ஓடவில்லை என்று வாங்கிய ஒருவர் புகார் செய்தார். டில்லி அரசு அந்தக் காருக்கான மானியத்தை நிறுத்தி வைத்தது. நிறுவனம் நீதிமன்றம் சென்றது. உயர் நீதிமன்றம் அரசின் உத்தரவுக்குத் தடை விதித்தது. 312 என்பது உருளையின் மேல் அளந்தது. 200 என்பது சாலையில் கண்டது. இரண்டையும் ஒன்றாக எண்ணியதில்தான் சிக்கல்.

நிருபரும் குறிப்பேடும்

பத்திரிகைச் சோதனை மட்டும் தவறாதா? 2013 பிப்ரவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' நிருபர் ஜான் பிரோடர், டெஸ்லா மாடல் எஸ் காரை அமெரிக்காவின் கிழக்குக் கரை வழியாகக் கடுங்குளிரில் ஓட்டினார். குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகும். காருக்குள் வெப்பமூட்டவும் மின்சாரம் செலவாகும். கடைசியில் கார் கனெக்டிகட் மாநிலத்தில் நின்றுபோய், இழுவை லாரியில் ஏறியது.

நிருபர் எழுதியதை டெஸ்லாவின் தலைவர் எலான் மஸ்க் மறுத்தார். காரே பதிவு செய்து வைத்திருந்த வேகம், வெப்பநிலை, சார்ஜ் விவரங்களை வெளியிட்டார். பத்திரிகையின் வாசகர் பிரதிநிதி மார்கரெட் சல்லிவன் இருபக்கமும் விசாரித்தார். நிருபர் நல்லெண்ணத்துடன்தான் சோதித்தார். ஆனால் அவர் எடுத்த குறிப்புகள் துல்லியமாக இல்லை. சில முடிவுகளும் சரியாக இல்லை என்று எழுதினார். குறிப்பேடு சரியாக இல்லாவிட்டால் உண்மையாக நடந்த சோதனையைக்கூட நிரூபிக்க முடியாது!

ஐந்து மடங்கா?

இந்த எண்களை நம்பி வண்டி வாங்குவோர் மட்டுமல்ல, நிறுவனங்களில் பணம் போடுவோரும் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் ஓலா எலக்ட்ரிக்கும், 2025 ஏப்ரலில் ஏதர் எனர்ஜியும் பொதுமக்களுக்குப் பங்குகள் விற்றன. உங்கள் வீட்டுப் பெரியவர்களும் வாங்கியிருக்கலாம். ஆகவே புதிய தொழில்நுட்ப அறிவிப்புகளையும் எடைபோடத் தெரிய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 2020 செப்டம்பரில் டெஸ்லா தன் பங்குதாரர்கள் முன் 4680 என்ற புதிய மின்கலத்தை அறிவித்தது. பழைய மின்கலத்தைவிட ஐந்து மடங்கு ஆற்றல் கொண்டது என்றது. அப்படியானால் கார் ஐந்து மடங்கு தூரம் ஓடுமா? பெயரிலேயே விடை இருக்கிறது. புதியதன் விட்டம் 46 மி.மீ., உயரம் 80 மி.மீ. பழைய 2170 மின்கலத்தின் விட்டம் 21 மி.மீ., உயரம் 70 மி.மீ. உருளையின் கன அளவு சூத்திரம் நீங்கள் படித்ததுதானே? இரண்டையும் வகுத்தால் ஐந்தரை மடங்கு வரும். அதாவது டப்பா பெரிதாயிற்று, ஆற்றலும் அந்த அளவுக்குக் கூடியது! இந்த வடிவ மாற்றத்தால் ஓடும் தூரம் 16 சதவீதம் கூடும் என்பதே நிறுவனம் சொன்ன மற்றோர் எண். வாங்குபவர் பார்க்க வேண்டியது அதைத்தான்.

4680 அளவு மின்கலத்தை ஓலா நிறுவனம் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே செய்யத் தொடங்கியது. நாளை உங்களில் ஒருவர் அங்கே பொறியாளராகப் போகலாம்.

நீங்களே சோதியுங்கள்

வீட்டிலோ தெருவிலோ மின்சார ஸ்கூட்டர் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். உரிமம் பெற்ற பெரியவர் ஓட்டட்டும். குறிப்பேடு உங்கள் பொறுப்பு.

1. முழுச் சார்ஜில் தொடங்கி, 20 சதவீதம் வரும்வரை ஓடிய தூரத்தைக் குறியுங்கள். அதை 1.25-ஆல் பெருக்கினால் முழுத் தூரம் கிடைக்கும்.

2. தேதி, நேரம், வழக்கமான வேகம், ஆட்களின் எடை, மழையா வெயிலா, மேடா சமதளமா ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள்.

3. ஒரு முறை செய்து நிறுத்த வேண்டாம். அதே வழியில் ஐந்து நாள் செய்து, மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் சராசரியையும் தனித்தனியே எழுதுங்கள்.

அவசரப் பயணத்துக்கு நம்ப வேண்டியது இந்த மூன்றில் எந்த எண்ணை? சராசரியையா, மிகக் குறைந்ததையா? சூளகிரியில் நின்ற அண்ணனை நினைத்துக்கொண்டு விடை எழுதுங்கள்.