பகாப்பதமும் பகாவெண்ணும்

நன்னூற் பதவியலிலே பகுபதம், பகாப்பதம் என்னும் இருவகையை மாணாக்கர்க்குக் கற்பிக்கின்றோம். ‘ஊரன்’ என்பது ஊர், அன் எனப் பிரிந்து பொருள் தரும். ‘நிலம்’ என்பது அவ்வாறு பிரிந்து பொருள் தராது. எண்களிலும் இவ்வேறுபாடு உண்டு. ஒன்றிற் பெரியதாய், ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணை எமது பாடநூல்கள் முதன்மையெண் என்கின்றன. தமிழகத்தார் பகாவெண் என்பர். நன்னூல் கற்றார்க்குப் பின்னைய பெயரின் பொருள் சொல்லாமலே விளங்கும். யாழ்ப்பாணத்திலே கறல் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதத்தைத் தமிழ் நூலாகத் தந்தாராதலின், தமிழாசிரியர் கணக்குப் பேசுதல் இங்குப் புதிதன்று.

சில ஆண்டுகளின் முன் நல்லூரில் ஒரு வகுப்பிலே இவ்வொப்புமையை விளக்கப் புகுந்தோம். இரண்டின் 2ஆம், 3ஆம், 5ஆம், 7ஆம் வலுக்களில் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்தால் 3, 7, 31, 127 என வரும். யாவும் பகாவெண்கள், வலுக்களைக் குறிக்கும் எண்களும் பகாவெண்களே. இவற்றைக் கரும்பலகையில் எழுதி, “அடுத்தது 11, ஆதலின் 2047உம் பகாவெண்ணே” என்றோம். பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, 23ஐ 89ஆற் பெருக்கினால் 2047 வருகின்றதே” என்றான். பெருக்கிப் பார்த்தோம், அவன் சொன்னதே சரி. நாணினோம், அவனுக்கு நன்றியுங் கூறினோம்.

எம்மினும் பெரியாரும் இவ்வழியில் இடறினர். பிரான்சியத் துறவி மேர்சேன் 1644இல், இரண்டின் 67ஆம் வலுவில் ஒன்று குறைந்த எண் பகாவெண் என்றார். அது பகுபடும் என 1876இல் லூக்காசு நிறுவினார். அதன் காரணிகளை 1903இலே கோல் என்பார் காட்டினார். காரணியைக் காணாமலே எண் பகுபடும் என நிறுவியது வியப்பன்றோ! அவ்வாண்டிலேயே லூக்காசு, 127ஆம் வலுவில் ஒன்று குறைந்த 39 இலக்க எண் பகாவெண் என்றும் நிறுவினார். 1951 வரை அறியப்பட்ட பகாவெண்களுள் அதுவே மிகப் பெரியதாயிருந்தது.

அவர் முறையை லேமர் 1930இல் எளிதாக்கினார். வலுவெண் இரண்டினும் பெரிய பகாவெண்ணாதல் வேண்டும். 4இல் தொடங்குக; வர்க்கித்து 2ஐக் கழிக்க; ஆராயும் எண்ணால் வகுத்து மீதியைக் கொள்க. வலுவெண்ணிலும் இரண்டு குறைந்த தடவை இவ்வாறு செய்க. ஈற்றில் மீதி பூச்சியமாயின் அவ்வெண் பகாவெண், அன்றேல் அன்று. 31க்கு வலு 5. ஆதலின் மூன்று தடவை. 4இலிருந்து 14, 14இலிருந்து 194, அதன் மீதி 8, 8இலிருந்து 62, அதன் மீதி பூச்சியம். ஆகவே 31 பகாவெண். 2047க்கு ஒன்பது தடவை செய்தோம், மீதி 1736. அம்மாணவன் கூற்றை இம்முறையும் உறுதி செய்தது.

2024இல் அறிவிக்கப்பட்ட பகாவெண், இரண்டின் 13,62,79,841ஆம் வலுவில் ஒன்று குறைந்தது. 4,10,24,320 இலக்கங்கள் உடையது. அதுவரை அறியப்பட்டவற்றுள் அதுவே மிகப் பெரியது. கணினிகள் செய்த அவ்வாராய்ச்சியிலும் இச்சோதனைக்கு இடமுண்டு.

நான்கு சான்று ஒரு விதியாகாது. ஆசிரியர் சொல் நிறுவலாகாது. இதனை எமக்குக் கற்பித்தவன் பின்வாங்கு மாணவன். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் அவன் உளனாயின், அன்று கூறிய நன்றியை ஈண்டு மீண்டும் கூறுகின்றோம்.