பால் இல்லாமல் பலாப்பழ ஷேக்

சித்திரை, வைகாசியில் பண்ருட்டி பலாப்பழம் நம்ம பிச்சாவரம் பக்கமும் வந்துவிடும். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கும் ஏற்ற பானம் இது.

தேவையான பொருட்கள் (4 டம்ளருக்கு): கொட்டை நீக்கிய பலாச்சுளை 12, தேங்காய் 1 மூடி, நாட்டுச்சர்க்கரை 2 ஸ்பூன், ஏலக்காய் 2, உப்பு 1 சிட்டிகை.

செய்முறை: தேங்காயைத் துருவி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் 2 டம்ளர் விட்டு அரைத்துப் பிழியுங்கள். சுளை, ஏலக்காய், உப்பை இந்தப் பாலோடு மிக்சியில் மைய அரையுங்கள். நார் இருந்தால் வடிகட்டுங்கள். ருசி பார்த்த பிறகே சர்க்கரை போடுங்கள். ஐஸ் வேண்டாம், மூடிய பாத்திரத்தை மண்பானைத் தண்ணீருக்குள் சற்று நேரம் வைத்தால் போதும். பலா இல்லாத நாளில் மாம்பழத்திலும் செய்யலாம்.

கவனிக்க: தேங்காய்ப்பால் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். 1 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். "மிச்சம் இருக்கே, சாயங்காலம் பிள்ளைக்குக் கொடுக்கலாம்"னு எடுத்து வைக்காதீங்க. படகுச் சவாரிக்கு வருகிறவர்களிடம் விற்பதானாலும் இதே விதிதான். அதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்ய வேண்டும்.

தேங்காய்ப்பாலில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. எனவே குழந்தைகளுக்குத் தினசரிப் பாலுக்குப் பதிலாக இதைக் கொடுக்கக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவோடு குடிக்கவும்.