வாசல் வேலையா, வார்டு வேலையா? கடற்கரைப் பெண்களுக்கு ஒரு செவிலியர் பணி வழிகாட்டி

கீழ்புத்துப்பட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் சற்று நேரத்தில் காலாப்பட்டு. அங்கே பிம்ஸ் மருத்துவக் கல்லூரி. அதையும் தாண்டினால் புதுச்சேரி, கோரிமேட்டில் ஜிப்மர். வடக்கே போனால் உப்பளங்கள், மரக்காணம் அரசு மருத்துவமனை. இந்தப் பக்கம் நர்சிங் முடித்த பெண்ணிடம் உறவுக்காரர்கள் முதலில் கேட்பது, "பாண்டியில எந்த ஆஸ்பத்திரியில சேரப் போற?" என்பதுதான். ஆஸ்பத்திரிக்கு வெளியே, ஊருக்குள்ளேயே செய்யும் அரசு செவிலியர் வேலைகள் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. அந்த வேலைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என் முடிவையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கரையில் பிறந்து, இங்கேயே வாழ நினைக்கிற பெண்ணுக்குக் கிராம சுகாதார செவிலியர் பணியே முதல் தேர்வாக இருக்க வேண்டும்.

முதலில், யாரிடம் வேலை பார்க்கப் போகிறோம் என்ற விஷயம். ஊரில் பலர் 'நர்சம்மா'வைப் பஞ்சாயத்து ஆள் என்றே நினைக்கிறார்கள். அரசியலமைப்பின் 11-வது அட்டவணை பஞ்சாயத்துகளுக்குச் சொல்லும் 29 துறைகளில் சுகாதாரமும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உண்டு. கேரளத்தில் அது நடைமுறைக்கே வந்துவிட்டது. அங்கே ஆரம்ப சுகாதார நிலையம் கிராம பஞ்சாயத்தின் பொறுப்பு; படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வீட்டுக்குப் போகும் வலிதணிப்பு செவிலியரைப் பஞ்சாயத்தே அமர்த்துகிறது. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. கிராம சுகாதார செவிலியரின் நியமனமும் சம்பளமும் இடமாறுதலும் பொது சுகாதார இயக்குநரகத்தின் கையில். பஞ்சாயத்திடமிருந்து வருவது துணை சுகாதார நிலையத்துக்குத் தண்ணீர், தெருவிளக்கு, குப்பை அள்ளுதல், கொசு ஒழிப்புக்கு ஆள் போன்றவை. ஆகவே தலைவரோடு நல்லுறவு வேண்டும், ஆனால் உங்கள் மேலதிகாரி அவர் அல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் சேர்ந்தவர்கள் முதல் வருடம் இரண்டு பக்கமும் இழுபடுவார்கள்.

இனி கிராம சுகாதார செவிலியர் வேலை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. இதற்குக் கேட்கும் படிப்பு ஏ.என்.எம்.; பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருடம். அறிவியல் பிரிவு படிக்காதவர்களுக்கும் வழி உண்டு என்பது வீட்டில் பலருக்குத் தெரியாது. நிரந்தர நியமனம் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி. வழியாக வருகிறது. 2023 அக்டோபரில் 2,250 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஆள் எடுப்பது படிப்பில் வாங்கிய மதிப்பெண் அடிப்படையில்; அடிப்படை ஊதியம் 19,500 ரூபாயில் தொடக்கம். சம்பளத்தை மட்டும் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் இது காலமுறை ஊதியம். அகவிலைப்படி ஏறும், வருடாந்திர உயர்வு உண்டு, பிரசவத்துக்கு 365 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பகுதி சுகாதார செவிலியர், சமுதாய நல செவிலியர் என்று மேலே போகவும் முடியும்.

வேலை எப்படி இருக்கும்? புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தடுப்பூசிப் பெட்டி வந்தாக வேண்டும். உள்ளே ஐஸ் பேக், நடுவில் குப்பிகள். 2 டிகிரிக்குக் கீழேயும் போகக்கூடாது, 8 டிகிரிக்கு மேலேயும் போகக்கூடாது. பி.சி.ஜி., தட்டம்மை-ரூபெல்லா குப்பிகளைத் திறந்தால் நான்கு மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அதனால் அங்கன்வாடி வாசலில் எத்தனை தாய்மார்கள் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் குப்பியைத் திறப்பார் அனுபவமுள்ள செவிலியர். வராத குழந்தையின் வீட்டுக்கு ஆள் போகும். குழந்தைக்குச் சளி, ஊசி வேண்டாம் என்று மாமியார் சொல்வார். "அம்மா, சாதாரணச் சளிக்கு ஊசியத் தள்ளிப்போட வேணாம், நான் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று திண்ணையில் உட்கார்ந்து பேசி முடிக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஆனால் அந்தத் திண்ணைப் பேச்சு நடக்காத வீட்டில் குழந்தைக்கு ஊசியும் விழாது.

உப்பளப் பெண்களைப் பார்ப்பது தனி வேலை. வெயில் ஏறுவதற்குள் முடிக்க விடியும் முன்பே போய்விடுவார்கள். நீங்கள் பத்து மணிக்கு வீட்டுக்குப் போனால் கதவு பூட்டியிருக்கும். பாத்திக்கரைக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் பெண்கள் உண்டு. வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் கண் எரியும், உப்புநீரில் கால் வெடித்திருக்கும். அந்த வெயிலில் தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகம் பழுதாகும் என்பதைத் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடையே நடந்த ஆய்வுகளும் சொல்கின்றன. சிறுநீர்க் கடுப்பு என்று ஒரு பெண் சொன்னால் அதற்குப் பின்னால் கழிப்பறை இல்லாத ஒரு வேலையிடம் இருக்கிறது என்பது, அந்த வரப்பில் நின்று பார்த்த செவிலியருக்குத்தான் உடனே தெரியும். வார்டில் இருப்பவர் ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்புவார். அது அவர் தப்பில்லை, அவர் பார்க்க முடிவது அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் உப்பளம் மூடிவிடும், கூலி நின்றுவிடும். கர்ப்பிணிகளின் சாப்பாடு குறைவது அப்போதுதான். ரத்தத்தில் எச்.பி. 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் ஆபத்து. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய், பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக, தவணைகளில் வருகிறது. பன்னிரண்டு வாரத்துக்குள் பெயரைப் பதிந்து, கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்கித் தருவது உங்கள் வேலை. அதே மழைக்காலத்தில் புயலும் வரும். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல், இரண்டுமே இந்தக் கரையைத்தான் அடித்தன. புயல் எச்சரிக்கை வந்ததும் பிரசவத் தேதி நெருங்கிய பெண்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் வேண்டும். அது இருப்பது இந்தச் செவிலியரிடம். அவர்களை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்ப்பது இங்கே வழக்கம்.

கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இருக்கிறது. இலங்கையில் வளர்ந்த முதிய பெண்களுக்கு இந்த வேலை புதிதல்ல. அங்கே வீடு தேடி வந்த குடும்ப நல உத்தியோகத்தரை, மருத்துவமாதுவை அவர்கள் மறக்கவில்லை. தீவின் அந்த ஏற்பாடு 1926-ல் களுத்துறை சுகாதாரப் பிரிவில் தொடங்கியது. தாய் சேய் மரணங்களைக் குறைத்ததில் இலங்கை பெற்ற பெயருக்கு இந்த வாசல் வேலைதான் அடித்தளம். முகாமில் வளர்ந்து நர்சிங் படிக்க விரும்பும் பெண்களுக்கு ஒன்று: அரசுப் பணி அறிவிப்பில் குடியுரிமை பற்றிய பத்தியை, படிப்பில் சேர்வதற்கு முன்பே படித்துவிடுங்கள். படித்து முடித்தபின் தெரிந்துகொண்டால் வேதனைதான் மிஞ்சும்.

இந்தப் பணியின் கஷ்டத்தையும் மறைக்கக்கூடாது. செல்போன் ஓயாது. ஒரே தகவலைப் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும், இணையத்திலும் ஏற்ற வேண்டும். ஊரில் ஒரு மரணம் நடந்தால் முதல் விளக்கம் உங்களிடம்தான் கேட்பார்கள். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகப்பட்டபோது இந்தக் கரை பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊர்ச் சுகாதாரம் என்பது ஊசியோடும் மாத்திரையோடும் முடிகிற விஷயம் இல்லை. இருசக்கர வாகனம் ஓட்டத் தெரியாதவர்கள், இரவில் யாரும் கூப்பிடக்கூடாது என்று நினைப்பவர்கள், இந்த வேலைக்கு வர வேண்டாம்.

பி.எஸ்சி. நர்சிங்கோ டிப்ளமோவோ முடித்தவர்கள் எதிரே வேறு கதவுகள். ஆரம்ப சுகாதார நிலையத்து ஸ்டாஃப் நர்ஸ் பணிக்கு எம்.ஆர்.பி. எழுத்துத் தேர்வு உண்டு, தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. ஷிஃப்ட் முறை, பிரசவ அறை, ஊரே தெரிந்த முகங்கள். வேலை கையில் நன்றாகப் பழகும். சிக்கல் நிரந்தரத்தில் இருக்கிறது. 2015-ல் எம்.ஆர்.பி. மூலம் ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்ட செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். இரண்டு வருடத்தில் காலமுறை ஊதியம் என்ற எதிர்பார்ப்பு பலருக்கு நிறைவேறவில்லை. 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். கொரோனா காலத்தில் உயிரைக் கொடுத்து உழைத்த ஒப்பந்தச் செவிலியர்களை 2022 டிசம்பர் 31-ஓடு வீட்டுக்கு அனுப்பினார்கள். இதை எழுதும்போதே மனம் பொறுக்கவில்லை. தேர்வு எழுதி, தகுதியோடு வந்த பெண்களை இப்படி நடத்தியது அநியாயம். ஆகவே "கவர்மென்ட் வேலை" என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். நியமன ஆணையில் தொகுப்பூதியமா, காலமுறை ஊதியமா என்பதைப் பாருங்கள்.

இடைநிலை சுகாதாரப் பணியாளர் வேலை எனக்கு மிகவும் பிடித்த வேலை, ஆனால் தயக்கத்தோடுதான் பரிந்துரைப்பேன். துணை சுகாதார நிலையங்களை நலவாழ்வு மையங்களாக உயர்த்தியபோது வந்த பணி இது. கிராம சுகாதார செவிலியர் தாய் சேய் நலத்தைப் பார்க்க, இவர் சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய்ப் பரிசோதனை, முதலுதவி எல்லாம் பார்க்கிறார். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மகளிர் தன்னார்வலர் வீட்டிலேயே பிரஷர் பார்த்துக் கொடுக்கும் பட்டியலைத் தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பும் இவருக்கு உண்டு. செவிலியர் படிப்பின் முழு அறிவும் இங்கே பயன்படும். ஆனால் ஒப்பந்தம். 2021 இறுதியில் 4,848 இடங்களுக்கு ஆள் எடுத்தபோது சம்பளம் 14,000. இதில் சேர்பவர்கள் எம்.ஆர்.பி. தேர்வுக்குப் படிப்பதை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. அனுபவத்துக்கு இரண்டு மூன்று வருடம் நல்லது. அதற்கு மேல் வயது கரையும்.

நகராட்சிப் பக்கம் வேலை வேறு மாதிரி. கோட்டக்குப்பம் 2021-ல் நகராட்சியானது. திண்டிவனம், விழுப்புரம் பழைய நகராட்சிகள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஏறத்தாழ 50,000 பேருக்கு, ஒரு நகர்ப்புற சுகாதார செவிலியருக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் வரும். உள்ளாட்சி நிர்வாகத்தோடு அன்றாடம் சேர்ந்து வேலை செய்வது இங்கேதான். துப்புரவு ஆய்வாளர், வார்டு கவுன்சிலர், குடிநீர்ப் பிரிவு எல்லோரும் கை எட்டும் தூரத்தில் இருப்பதால், ஒரு தெருவில் வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைக்கே குழாயைப் பார்க்க வைக்கலாம். வாடகை வீட்டுக்காரர்கள் மாறிக்கொண்டே இருப்பதால், போன மாதம் பார்த்த கர்ப்பிணி இந்த மாதம் எங்கே என்று தேடுவதுதான் பெரிய பாடு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதில் இருந்தால், நகரத்தில் வீடு இருந்தால், இதை எடுக்கலாம். இதிலும் ஒப்பந்தப் பணியிடங்கள் நிறைய.

பாண்டித் தனியார் மருத்துவமனைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐ.சி.யூ. அனுபவம் வேண்டும், வெளிநாடு போக வேண்டும் என்பவர்களுக்கு அது தேவையான படி. ஜிப்மர் செவிலியர் அலுவலர் பணி மத்திய அரசு ஊதியம், லெவல் 7, அடிப்படை 44,900-ல் தொடங்கும். பணத்தில் மேலே சொன்ன எதுவும் அதற்குப் பக்கத்தில் வராது. நாடு முழுக்கப் போட்டி. படிக்க முடிகிறவர்கள் முயலத்தான் வேண்டும்.

எதை எடுப்பது என்று ஒருத்தி வந்து கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். பிளஸ் டூ முடித்து, ஊரிலேயே இருக்க விருப்பம், வீட்டில் நான்கு வருடம் படிக்க வைக்க வசதியில்லை என்றால் ஏ.என்.எம். படித்து கிராம சுகாதார செவிலியர். அறிவியல் பிரிவு, நல்ல மதிப்பெண், வீட்டிலும் தாங்குவார்கள் என்றால் பி.எஸ்சி. படித்து ஜிப்மரையும் எம்.ஆர்.பி.யையும் சேர்த்து எழுதுங்கள். நடுவில் இடைநிலைப் பணி கிடைத்தால் போங்கள். பி.எஸ்சி. முடித்தும் வாசல் வேலைதான் பிடிக்கிறது என்றால் தயங்காமல் இடைநிலைப் பணிக்கே போகலாம், சம்பளத்தில் என்ன விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து போகலாம்.

ஒன்று மட்டும் எல்லோருக்கும் பொது. கடைத்தெரு மாடியில் ஓர் அறையில், ஆறு மாதத்தில், ஒரு வருடத்தில் 'நர்சிங்' சான்றிதழ் தருவதாகப் பலகை மாட்டிய இடங்கள் சின்ன ஊர்களில் உண்டு. பெற்றோர் நகையை அடகு வைத்துச் சேர்க்கிறார்கள். தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாத படிப்பைக் கொண்டு மேலே சொன்ன எந்த அரசுப் பணிக்கும் விண்ணப்பிக்க முடியாது. பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பள்ளியின் பெயர் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் உங்கள் ஊர் நர்சம்மாவிடம் கேளுங்கள், அவர் சொல்வார்.