மோதலும் பிறப்பும்

விண்மீன் மண்டலங்கள் இரண்டு வானிலே மோதுவதுண்டு என்று வகுப்பில் ஒருநாள் கூறினோம். “அப்படியாயின் விண்மீன்களெல்லாம் பொடியாகிவிடுமே, ஐயா?” என வினவினான் ஒரு மாணவன். தமிழ் கற்பிக்கும் நாம் ‘மோதல்’ என்னும் சொல்லின் பொருளையே நம்பி, ஆமென்று தலையசைத்துவிட்டோம். அப்பிழையைத் திருத்தவே இதனை எழுதலானோம்.

சூரியனை இரண்டு மில்லிமீற்றர் அகலமுள்ள கடுகாகக் கொள்வோம். அவ்வளவிலே, அதற்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் ஏறக்குறைய 60 கிலோமீற்றருக்கு அப்பாற் கிடக்கும் இன்னொரு சிறுமணியாகும். இங்ஙனம் ஐதாகச் சிதறிய கடுகுக் கூட்டங்கள் இரண்டு ஒன்றனுள் ஒன்று புகுந்தால், கடுகோடு கடுகு முட்டுதல் அரிதினும் அரிது. முட்டிக்கொள்வன இடையே பரந்துள்ள வாயு முகில்களே.

காக்கை என்னும் உடுக்கூட்டத்தின் திசையிலே இதனைக் காணலாம். நம் முன்னோர் அத்தம் என வழங்கிய ஐந்து மீன்களும் அக்கூட்டத்தனவே. அத்த நாளிற் பிறந்த பழைய மாணவர் சற்றே பெருமைப்படுக! அம்மீன்களுக்கு மிக அப்பால், ஏறத்தாழ 6½ கோடி ஒளியாண்டுத் தொலைவில், என்.ஜீ.சீ. 4038, 4039 என்னும் இரு மண்டலங்கள் பிணைந்து நிற்கின்றன. 1785இல் வில்லியம் ஹேர்செல் கண்டறிந்தவை இவை. பூச்சியின் உணர்கொம்புகள்போல் இரு நீண்ட வால்கள் அவற்றினின்று வளைந்து செல்கின்றன. சந்திரனின் ஈர்ப்புக் கடலில் வற்றுப்பெருக்கை உண்டாக்குமாறு போல, ஒன்றன் ஈர்ப்பு மற்றொன்றை இழுத்தமையாலேயே அவை தோன்றின என்பதை ரூம்ரே சகோதரர் 1972இல் கணினிவழிக் காட்டினர்.

வாயுவுக்கு நேர்வது வேறு. முகிலோடு முகில் மோதி நெருக்குண்ணும். நெருக்குண்ட பகுதி தன் ஈர்ப்பாலேயே சுருங்கி, வெம்மையுற்று, விண்மீன்களாகும். ஹபிள் தொலைகாட்டி இம்மண்டலங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இளங்கொத்துக்களைக் காட்டிற்று. எனினும் மிக மும்முரமான பிறப்பு, இரண்டும் மேற்படியும் இடத்தே தூசியுள் மறைந்துள்ளது. செந்நிறக்கீழ்க் கதிர்களே அதனை வெளிப்படுத்தின. இக்கொத்துக்களுட் பத்தில் ஒரு பங்களவே ஒரு கோடி ஆண்டுகளைக் கடந்து நிலைக்குமென்பர். ஏனையவற்றின் மீன்கள் பிரிந்து மண்டலமெங்கும் பரவிவிடும்.

பெரிய நீல மீன்கள் விரைவில் வெடித்து மடியும். வாயுவும் செலவாகிச் சிதறியபின் புதுப்பிறப்பு அருகும். ஈற்றில் இரண்டும் ஒன்றாகி, முதிய செம்மீன்கள் மலிந்த நீள்வளைய மண்டலமாய் அமையும்.

நம் பால்வீதியும் அந்திரோமீடாவும் ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளில் மோதுவது உறுதியென 2012இல் அறிவித்தனர். 2025இல் வெளியான ஆய்வோ, அடுத்த 1000 கோடி ஆண்டுகளில் அது நிகழ்வதற்கும் நிகழாமைக்கும் ஏறக்குறையச் சம வாய்ப்பே உண்டு என்கின்றது. நிகழினும், தம்பி, நம் சூரியன் பொடியாகாது.