உப்புக்குள் ஒரு பிணைப்பு

உப்பு இல்லாத சமையல் உண்டா? குழம்பிலும் உப்பு. கஞ்சியிலும் உப்பு. அந்த உப்பு எதனால் ஆனது?

உப்பில் இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று சோடியம். மற்றொன்று குளோரின்.

சோடியம் ஓர் உலோகம். கத்தியால் வெட்டலாம். அவ்வளவு மென்மை. ஆனால், தண்ணீரில் போட்டால் சீறும். தீப்பிடிக்கும். அதனால் அதை மண்ணெண்ணெயில் போட்டு வைப்பார்கள்.

குளோரின் ஒரு நச்சு வாயு. அதன் நிறம் மஞ்சள் கலந்த பச்சை. 1915-இல், முதல் உலகப் போரில், இதை ஆயுதமாகப் பயன்படுத்தினார்கள். வீரர்கள் பலர் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

ஒன்று தீப்பிடிக்கும். மற்றொன்று ஆளைக் கொல்லும். இரண்டும் சேர்ந்தால் உப்பு! அதை நாம் தினமும் உண்கிறோம். இது எப்படி?

எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை. அணு மிக மிகச் சிறியது. கண்ணுக்குத் தெரியாது. அணுவின் நடுவில் கரு இருக்கிறது. கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் அடுக்கடுக்காக உள்ளன. கடைசி அடுக்கில் 8 எலக்ட்ரான்கள் இருந்தால் சோடியம், குளோரின் போன்ற அணுக்கள் நிலையாக இருக்கும்.

சோடியத்தின் கடைசி அடுக்கில் 1 எலக்ட்ரான்தான் உண்டு. அதற்கு உள் அடுக்கில் 8 உண்டு. குளோரினின் கடைசி அடுக்கில் 7 உண்டு. ஒன்று குறைகிறது. சோடியம் தன் 1 எலக்ட்ரானைக் கொடுக்கிறது. குளோரின் வாங்கிக்கொள்கிறது. கொடுத்ததற்கு நேர் மின்சுமை. வாங்கியதற்கு எதிர் மின்சுமை. நேரும் எதிரும் ஒன்றை ஒன்று இழுக்கும். இப்படிச் சேர்வதே அயனிப் பிணைப்பு.

எல்லா அணுக்களும் கொடுத்து வாங்குவதில்லை. சில அணுக்கள் பங்கு போட்டுக்கொள்ளும். தண்ணீரில் 1 ஆக்சிஜன் அணுவும் 2 ஹைட்ரஜன் அணுக்களும் எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. இது சகப்பிணைப்பு.

பிணைப்பு பிரியவும் செய்யும். குஜராத்தில் சிறிய கட்ச் ரண் என்ற உவர்நிலம் இருக்கிறது. அங்கே நிலத்தடியில் உள்ள உப்பு நீரை இறைத்துப் பாத்திகளில் பாய்ச்சுகிறார்கள். அந்த நீரில் சோடியமும் குளோரினும் பிரிந்து கிடக்கின்றன. வெயிலில் நீர் வற்றும். பிரிந்தவை மீண்டும் சேரும். உப்பு விளையும்.

உப்பில் உள்ள குளோரின் நம்மைக் கொல்வதில்லை. எலக்ட்ரானை வாங்கி அது அடங்கிவிட்டது. பிளீச்சிங் பவுடரிலும் குளோரின் உண்டு. அங்கே அது அப்படி அடங்கவில்லை. கழிப்பறை கழுவும் ஆசிட் அதில் பட்டால் பழைய பிணைப்பு உடையும். குளோரின் வாயு வெளியே வரும். கதவு மூடிய சிறிய கழிப்பறையில் இது உயிருக்கே ஆபத்து.

எனவே, இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். ஒன்றை ஊற்றிய இடத்தில் மற்றதைப் போடாதீர்கள். தவறிக் கலந்துவிட்டால் உடனே வெளியே காற்றோட்டமான இடத்துக்கு வாருங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பேசுவோம்:
1. உப்பில் கொடுப்பது எது? வாங்குவது எது?
2. தண்ணீரில் உள்ள பிணைப்பின் பெயர் என்ன?
3. உங்கள் வீட்டில் பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் எங்கே இருக்கின்றன? பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவா?