எம்பி3 ஆக்கினால் விவரம் அழியாது

நம்பிக்கை: “ஆடியோவை எம்பி3 ஆக மாற்றி அனுப்பினால் உள்ளே ஒளிந்திருக்கும் விவரமெல்லாம் போய்விடும்.”

உண்மை: போகாது. ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எம்பி3-க்குள் விவரம் எழுதுவதற்கென்றே 1996-இல் ஐடி3 முறை வந்தது. பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம், ஆண்டு, குறிப்பு எல்லாம் கோப்பின் கடைசி 128 பைட்டில் அடங்கும். அடுத்த பதிப்பு கோப்பின் தொடக்கத்திலேயே உட்கார்ந்து படத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. விவரம் சுமக்கப் பழகிய வடிவத்துக்கு மாற்றினால் விவரம் எப்படி அழியும்? பல கன்வர்ட்டர்களுக்குள் ஓடுவது எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள். வேண்டாம் என்று சொல்லாவிட்டால் அது பழைய தலைப்பையும் குறிப்பையும் புதுக் கோப்பில் எழுதிவிடும். லொக்கேஷன் அனுமதி கொடுத்திருந்தால் ஐபோனின் வாய்ஸ் மெமோஸ் இடத்தின் பெயரையே தலைப்பாக வைக்கும். அதை அப்படியே மாற்றி அனுப்பினால், பயந்து பயந்து புகார் சொன்னவரின் குரலோடு அவர் தெருப்பெயரும் ஊர் சுற்றும்.

பெரிய நிறுவனமே இதில் மாட்டியிருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த சில வேவ் கோப்புகளை நோட்பேடில் திறந்தால் கடைசியில் ‘சவுண்ட் ஃபோர்ஜ் 4.5’ என்றும் ‘டீப்ஸோன்’ என்றும் இருந்தது. முதலாவது, ஒலித்தொகுப்பு மென்பொருள். இரண்டாவது, திருட்டு மென்பொருள் வட்டாரத்தில் புழங்கிய புனைபெயர். 2004-இல் ஜெர்மானிய இதழ் பிசி வெல்ட் இதை வெளியிட்டது. காதுக்கு எட்டாதது கோப்பில் இல்லை என்று நினைப்பதை இனியாவது விடுங்கள்.

நம்பிக்கை: “கோப்பின் பெயரை மாற்றினால் போதும்.”

உண்மை: வெளிப்பெயர்தான் மாறும். உள்ளே எழுதியது அப்படியே இருக்கும்.

நம்பிக்கை: “வாட்ஸ்அப் எல்லாவற்றையும் துடைத்துவிடும்.”

உண்மை: டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு உள்ளபடியே போகும்.

நம்பிக்கை: “உள்ளே எழுதிய விவரத்தை, அதாவது மெட்டாடேட்டாவை, அழித்துவிட்டால் யாரென்றே தெரியாது.”

உண்மை: குரல் இருக்கிறதே! பின்னணியில் பஸ் நிலைய அறிவிப்பு கேட்கிறதே! மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பதிவில் ஏறியிருந்தால், அதன் சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்தைக் கொண்டு பதிவான நேரத்தைக்கூடத் தடயவியல்காரர்கள் கணிக்கிறார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் ஒரு நகல் எடுங்கள். அதை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, எக்ஸ்போர்ட் செய்யும்போது மெட்டாடேட்டா கட்டங்களைக் காலி செய்யுங்கள். வந்த கோப்பை, உள்ளே இருக்கும் விவரத்தைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். நாளைக்குச் சாட்சியாக நிற்கப்போவது அதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒப்பாரியும் தெம்மாங்கும் பாடியவர் யாரென்றே தெரியாமல் போன் போனாகச் சுற்றுகின்றன. பாதுகாப்பு என்ற பெயரில் அதையும் துடைக்காதீர்கள். ஒரு பாட்டியின் பாட்டைப் பதிவு செய்தால், அவர் சம்மதத்தோடு அவர் பெயர், ஊர், பாடிய நாள் மூன்றையும் அதே ஐடி3 கட்டங்களில் எழுதிவிட்டுப் பகிருங்கள்.