பிள்ளைகளைப் பாராட்டும் முறை

கடைக்கு ஒரு பையனைப் புதிதாகச் சேர்த்தால், முதல் நாளே அவனைக் கல்லாவில் உட்கார வைக்கிறோமா? இல்லை. முதலில் சாமான் அடுக்கச் சொல்கிறோம். பிறகு நிறுக்கச் சொல்கிறோம். அதன்பின் சிட்டை எழுதச் சொல்கிறோம். கை பழகிய பிறகே கல்லாவைக் கொடுக்கிறோம். கணக்குத் தவறினால், தவறிய இடத்தைக் காட்டிக் கொடுக்கிறோம். வியாபாரிகளாகிய நமக்கு இதை ஒருவர் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் சொந்தப் பிள்ளையின் விஷயத்தில் மட்டும் இந்த முறையை மறந்துவிடுகிறோம்.

பிள்ளை நல்ல மார்க்கு வாங்கினால், "என் மகன் பிறவியிலேயே புத்திசாலி" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமை பேசுகிறோம். குறைந்தால், "அடுத்த வீட்டுப் பையனைப் பார்! உன் மூளை எங்கே போயிற்று?" என்கிறோம். இரண்டும் அன்பினால் சொல்வதே. எனினும், மார்க்குத்தான் தன் மதிப்பு என்ற ஒரே பாடத்தையே பிள்ளை இரண்டிலிருந்தும் கற்றுக்கொள்கிறது.

இதன் விளைவு என்ன? அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்னும் இரு உளநூல் அறிஞர்கள் 1998-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படப் புதிர்கள் கொடுக்கப்பட்டன. முடித்ததும் சிலரை "நீ கெட்டிக்காரன்" என்றும், வேறு சிலரை "நீ நன்றாக முயன்றிருக்கிறாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்து மிகக் கடினமான புதிர்களைக் கொடுத்து, "இம்முறை சரியாகச் செய்யவில்லை" என்றார்கள். மூன்றாம் முறை, முதலில் தந்தவை போன்ற புதிர்களே வந்தன. அப்போது, கெட்டிக்காரர் எனப்பட்டவர்கள் முன்னைவிடக் குறைவாகவும், முயற்சிக்காகப் பாராட்டப் பெற்றவர்கள் முன்னைவிடக் கூடுதலாகவும் செய்தார்கள். தங்கள் மதிப்பெண்ணை வேறு பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, முதற் பிரிவில் நூற்றுக்கு 38 பேர் பொய்க் கணக்கு எழுதினார்கள். மற்றப் பிரிவில் 13 பேரே அப்படிச் செய்தார்கள்.

நாம் அறிந்த ஒரு வீட்டிலும் இதுவே நடந்தது. கெட்டிக்காரன் எனப் பேரெடுத்த பையன், மார்க்குக் குறைந்ததும் ரிப்போர்ட்டுப் புத்தகத்தில் உம்மாவிடம் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். வாப்பாவுக்குத் தெரிய வந்தபோது வருஷமே முடிந்துவிட்டது. நஷ்டத்தை மறைக்கும் பேரேடு கடையைக் கவிழ்த்துவிடும் என்பது நமக்குத் தெரியும். வீட்டில் அப்படியொரு பேரேடு எழுதப்படுவதற்கு நாமே காரணமாகலாமா?

2021-ல் சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில், பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு மதிப்பிட்ட பழைய முறை மாற்றப்பட்டது. அதே ஆண்டில் மலேசியாவில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வே ரத்தாயிற்று. பள்ளியில் ஒப்பிடுவது குறைந்தும், நாம் சோற்றுத் தட்டின் முன் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் என்ன பயன்?

நாம் செய்யத்தக்கவை மூன்று.

முதலாவது, பிள்ளை செய்த காரியத்தைக் குறிப்பிட்டுப் பாராட்டுவது. "இரண்டாம் தடவை சரிபார்த்தாயே, அதனால்தான் பிழை அகப்பட்டது" என்றால், மறுமுறையும் சரிபார்க்கும்.

இரண்டாவது, பாராட்டோடு நின்றுவிடாமல், சற்று எட்டிப் பிடிக்கவேண்டிய அடுத்த வேலையைக் கொடுப்பது. கூட்டல் வந்துவிட்டதா? கடைப் பில்லின் பெருக்கலைச் சரிபார்க்கச் சொல்வோம்.

மூன்றாவது, தவறினால் அருகில் உட்கார்ந்து வழி காட்டுவது. பாடம் விளங்காமல் தவிக்கும் பிள்ளையிடம் "முயன்றாயே, அது போதும்" என்று சொல்லி விட்டுவிடலாகாது. முயற்சியை மெச்சுவது மட்டும் போதாது என்று டுவெக் அம்மையாரே 2015-ல் எழுதியிருக்கிறார்.

இன்றிரவு கடையை அடைத்து வீடு சென்றதும், "எத்தனை மார்க்கு?" என்று கேட்குமுன், "இன்றைக்கு எது கடினமாக இருந்தது?" என்று கேட்போம். சொல்லும் பதிலைக் கோபமின்றிக் கேட்டால், நாளையும் பிள்ளை மறைக்காமல் சொல்லும்.